இடமில்லை என்கிறது சர்வர்: எந்த இடம்?

புதிய 4 டிபி டிஸ்க் ஒன்றை இணைத்து, சர்வரை முழுமையாக பேக்கப் எடுக்கச் சொல்கிறோம். சர்வரில் இருப்பதே 300 ஜிபிதான். சில நிமிடங்களில் வேலை நின்றுவிடுகிறது. போதிய டிஸ்க் இடம் இல்லை என்று செய்தி வருகிறது. டிஸ்க்கைப் பார்த்தால் ஏறக்குறைய முழுவதும் காலி. சர்வர்களோடு புழங்குகிறவர்களுக்கு இது புதிதல்ல. உடனே நடப்பது இரண்டில் ஒன்று: இன்னும் பெரிய டிஸ்க் வாங்கக் கொள்முதல் கோப்பு நகரும், இல்லையென்றால் பழைய பேக்கப்புகளையும் லாக்குகளையும் யாராவது அழிக்கத் தொடங்குவார். முதலாவது பல நேரங்களில் வீண்செலவு. இரண்டாவது சில நேரங்களில் பேரிழப்பு.

முழு பேக்கப் ஓடும்போது எழுதும் வேலை ஓரிடத்தில் மட்டும் நடப்பதில்லை. நகலெடுக்கப்படும் ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் ஸ்னாப்ஷாட்டுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். சுருக்குவதற்கும் டேட்டாபேஸை டம்ப் எடுப்பதற்கும் தற்காலிக இடம் வேண்டும். போய்ச்சேரும் டிஸ்க்கில் பைட் கணக்கிலும் இடம் வேண்டும், ஃபைல் எண்ணிக்கைக் கணக்கிலும் இடம் வேண்டும். பயனருக்கு வைத்த கோட்டாவும் ஃபைல் சிஸ்டத்தின் உச்சவரம்பும் குறுக்கே நிற்கலாம். இவற்றில் எது தீர்ந்தாலும் திரையில் வருவது ஏறக்குறைய ஒரே வாசகம்தான். எவ்வளவு குறைகிறது என்று கேட்பதற்கு முன் எங்கே குறைகிறது என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். வழக்கமாகச் சிக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விண்டோஸ்: கண்ணுக்குத் தெரியாத பார்ட்டிஷன்

பழைய என்டிபேக்கப்புக்குப் பதிலாக விண்டோஸ் சர்வர் 2008இல் வந்தது விண்டோஸ் சர்வர் பேக்கப். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமல் நகலெடுக்க, அது வால்யூம் ஷேடோ காப்பி என்ற சேவையை நம்பியிருக்கிறது. பேக்கப் தொடங்கிய கணத்தில் டிஸ்க் இருந்த நிலையை இந்தச் சேவை ஸ்னாப்ஷாட்டாகக் குறித்துக்கொள்ளும். அதன் பிறகு ஏதாவது ஒரு பிளாக் மாறினால், மாறுவதற்கு முந்தைய வடிவத்தைத் தனியே எழுதி வைக்கும். அப்படி எழுதுவது வழக்கமாக அதே பார்ட்டிஷனில்தான். ஆகவே பேக்கப் போய்ச்சேரும் டிஸ்க் எவ்வளவு காலியாக இருந்தாலும், புறப்படும் இடத்தில் இடமில்லாவிட்டால் வேலை நடக்காது.

80780119 என்ற எண்ணோடு வரும் பிழைச்செய்தியைக் கடைசிவரை படித்தால், இந்தக் கணக்கு அதிலேயே இருக்கிறது. 500 எம்பிக்குக் குறைந்த பார்ட்டிஷனில் 50 எம்பியாவது காலியாக இருக்க வேண்டும். 500 எம்பிக்கு மேல் என்றால் 320 எம்பி. 1 ஜிபியைத் தாண்டியவற்றில் 1 ஜிபி இருப்பது நல்லது. சி டிரைவில் இது அரிதாகவே பிரச்சினையாகும். மாட்டிக்கொள்பவை, டிரைவ் எழுத்து இல்லாத, எக்ஸ்ப்ளோரரில் தெரியாத சிறு பார்ட்டிஷன்கள்: பூட் ஆவதற்கான சிஸ்டம் ரிசர்வ்டு, பழுதுநீக்கத்துக்கான ரெக்கவரி. முழு சர்வர் என்று தேர்ந்தெடுத்ததும் இவையும் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. டிரைவ்களைத் தனித்தனியாக எடுத்தால் வெற்றி, முழுமையாக எடுத்தால் தோல்வி என்ற புதிருக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

500 எம்பி அளவுள்ள ரெக்கவரி பார்ட்டிஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ரெக்கவரி இமேஜ் மட்டும் 300 எம்பிக்கு மேல் பிடித்திருந்தால் மிச்சம் 200க்குள். பேக்கப் கேட்பதோ 320. இதை நிர்வாகிகள் பலர் வேடிக்கையான வழியில் தீர்த்தார்கள். பார்ட்டிஷனைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக 499 எம்பியாகச் சுருக்கினார்கள். 500க்குக் கீழே இறங்கியதும் தேவை 50 எம்பியாகக் குறைந்து பேக்கப் ஓடியது. அன்றைய தலைவலிக்கு நல்ல மருந்துதான், ஆனால் நீடிக்காது. 2024 ஜனவரியில் விண்டோஸ் சர்வர் 2022க்கு வந்த ரெக்கவரி அப்டேட், அதே பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் கேட்டது. இல்லாத கணினிகளில் நிறுவ மறுத்தது. சுருக்கியவர்கள் மறுபடி விரிக்க வேண்டியதாயிற்று. முதலிலேயே 1 ஜிபி அளவுக்கு விரிப்பதுதான் சரியான தீர்வு.

சர்வர் பதிப்புகளில் விஎஸ்எஸ்அட்மின் என்ற கட்டளை இருக்கிறது. ஒரு பார்ட்டிஷனுக்கான ஷேடோ இடத்தை வேறொரு பெரிய டிரைவுக்கு மாற்றி வைக்க அது உதவும். தற்போதைய உச்சவரம்பையும் அதிலேயே பார்க்கலாம். என்றோ யாரோ சிறிய வரம்பு ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தால், டிரைவில் நூற்றுக்கணக்கான ஜிபி காலியாக இருந்தும் பயனில்லை.

மூன்று பிரதிக்கு நான்கு பிரதி இடம்

அடுத்தது போய்ச்சேரும் டிஸ்க். இங்கே உண்மையாகவே இடம் தீரும். ஆனால் எதிர்பார்த்ததற்கு முன்பே தீரும். 2 டிபி என்று பெட்டியில் அச்சான டிஸ்க்கை விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டும். உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. ஆக, கையில் இருப்பது சுமார் 1860 ஜிபி. 600 ஜிபி அளவுள்ள முழு பேக்கப்பை வாரம் ஒருமுறை எடுத்து, மூன்று வாரப் பிரதிகளை வைத்திருப்பது திட்டம். மூன்றுக்கு 1800 ஜிபி. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. நான்காவது வாரம் பிழை வருகிறது. காரணம், ஒழுங்கான மென்பொருள் புதிய பிரதியை முழுதாக எழுதி முடித்த பிறகே பழையதை அழிக்கும். அந்தச் சில மணி நேரத்துக்கு நான்கு பிரதிகளும் டிஸ்க்கில் இருந்தாக வேண்டும். 2400 ஜிபி வேண்டும்.

பழையதை முதலில் அழித்துவிட்டுப் புதியதை எழுதும்படி அமைப்பை மாற்றினால் பிழை போய்விடும். ஆனால் புதிய பேக்கப் பாதியில் விழுந்தால் கையில் இருப்பது இரண்டுதான். ஒரே பிரதி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றுமே இருக்காது. விண்டோஸ் சர்வர் பேக்கப்பை நெட்வொர்க் ஃபோல்டருக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: அங்கே ஒவ்வொரு புதிய பேக்கப்பும் முந்தையதன் மேலேயே எழுதப்படுகிறது. தனித்தனித் துணை ஃபோல்டர்களுக்கு மாற்றி மாற்றி அனுப்பினால் இந்த ஆபத்து தணியும். இடம் இரு மடங்காகும்.

சுருக்கினால் பாதியாகிவிடும் என்ற நம்பிக்கையும் ஆளைக் கவிழ்க்கும். டெக்ஸ்ட், லாக், டேட்டாபேஸ் டம்ப் ஆகியவை நன்றாகச் சுருங்கும். ஜேபெக் படங்கள், வீடியோக்கள், ஏற்கெனவே ஜிப் செய்தவை, என்கிரிப்ட் செய்தவை ஆகியவை சுருங்காது. எல்டிஓ-9 டேப்பின் மேல் 45 டிபி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது இரண்டரைக்கு ஒன்று என்று சுருங்குவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உண்மையான கொள்ளளவு 18 டிபி. மருத்துவமனை ஸ்கேன் படங்களையோ கேமரா பதிவுகளையோ சேமிக்கிறவர் 18ஐ வைத்தே திட்டமிட வேண்டும்.

இடம் இருந்தும் வரம்பு தடுக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஃபேட்32 டிஸ்க்கில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸ் சர்வர் 2008, அதன் ஆர்2 பதிப்பு ஆகியவற்றின் பேக்கப், விஹெச்டி வடிவத்தில் எழுதியதால் ஒரு வால்யூம் 2 டிபிக்கு மேல் போக முடியாமல் இருந்தது. 2012இல் விஹெச்டிஎக்ஸ் வந்த பிறகு அந்த எல்லை 64 டிபி ஆனது.

லினக்ஸ்: காலி இடம் இருந்தும் எழுத முடியாதது

லினக்ஸில் இந்தப் பிழையின் எண் 28. சாதனத்தில் இடம் மிச்சமில்லை என்பதே செய்தி. டிஎஃப் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் 40 சதவீதம் காலி என்று காட்டும். அப்போது அதே கட்டளையை ஐ என்ற துணைக்குறியோடு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோட் வேண்டும். ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போதே, வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில் ஐநோட்களை ஒதுக்கிவிடுகிறது. பிறகு அந்த விகிதத்தை மாற்ற முடியாது. ஒவ்வொரு மின்னஞ்சலையும் தனி ஃபைலாக வைக்கும் மெயில் சர்வரை அப்படியே நகலெடுத்துப் பல நாள் பிரதிகளாக வைத்தால், பைட் தீர்வதற்கு வெகுமுன்பே ஐநோட் தீரும். ஒரே டார் ஃபைலாகக் கட்டி வைப்பதோ, தேவைக்கேற்ப ஐநோட்களை உருவாக்கிக்கொள்ளும் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு மாறுவதோ தீர்வு.

ஈஎக்ஸ்டி4 தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்காக ஒதுக்கி வைப்பதும் பலருக்கு நினைவிருக்காது. 4 டிபி டிஸ்க்கில் இது 200 ஜிபி. பேக்கப் வேலை வேறொரு பயனரின் பெயரில் ஓடினால் அந்த 200 ஜிபியைத் தொட முடியாது. பேக்கப்புக்கு மட்டும் பயன்படும் டிஸ்க்கில் ட்யூன்2எஃப்எஸ் மூலம் இதைக் குறைத்துக்கொள்ளலாம். அழித்த பிறகும் இடம் திரும்பாத நிலை இன்னொன்று. ஏதாவது ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை, பெயர் மட்டுமே மறையும், இடம் விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளை அப்படிப்பட்ட ஃபைல்களைக் காட்டிக்கொடுக்கும். சம்பந்தப்பட்ட சேவையை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும்.

எல்லாவற்றிலும் குழப்பமானது மவுண்ட் ஆகாத டிஸ்க். இரவு சர்வர் ரீபூட் ஆகிறது, பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. ஆனால் பேக்கப் என்ற ஃபோல்டர் மட்டும் ரூட் பார்ட்டிஷனில் வெறுமையாக இருக்கிறது. ஸ்கிரிப்ட் எதுவும் தெரியாமல் அதற்குள் எழுதுகிறது. 50 ஜிபி ரூட் பார்ட்டிஷன் நிரம்பி, பேக்கப்போடு டேட்டாபேஸும் வெப்சைட்டும் சேர்ந்து நிற்கின்றன. காலையில் ஒருவர் வந்து டிஸ்க்கை மவுண்ட் செய்கிறார். இரவு எழுதியவை அதற்கு அடியில் மறைந்துவிடுகின்றன. ரூட் நிரம்பியிருக்கிறது என்கிறது டிஎஃப். அந்த அளவுக்கு ஃபைலே இல்லை என்கிறது, ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளை. டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து பார்த்தால்தான் உண்மை வெளிவரும். எழுதத் தொடங்கும் முன் அந்த ஃபோல்டர் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று சோதிக்கும் ஒற்றை வரி ஸ்கிரிப்டில் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

ஊதிப் பெருக்கும் பேக்கப்

மூலத்தைவிடப் பிரதி பெரிதாகும் விந்தையும் நடக்கும். 500 ஜிபி என்று அறிவித்து 40 ஜிபி மட்டும் பயன்படுத்தும் விர்ச்சுவல் மெஷின் டிஸ்க்கில் மிச்சம் வெறும் ஓட்டை. ஓட்டைகளை அடையாளம் காணச் சொல்லாமல் டார் அல்லது ஆர்சிங்க் மூலம் நகலெடுத்தால், மறுமுனையில் 500 ஜிபியும் பூஜ்யங்களாக எழுதப்படலாம். ஹார்டு லிங்க் போட்டு இணைத்த ஃபைல்களை ஆர்சிங்க் தனியே சொல்லாவிட்டால் வெவ்வேறு ஃபைல்களாகவே நகலெடுக்கும். பேக்கப் ஃபோல்டரையே பேக்கப்பிலிருந்து விலக்க மறந்தால், நேற்றைய பிரதி இன்றைய பிரதிக்குள் போய் உட்காரும். சர்வர் முழுவதையும் ரூட்டிலிருந்து டார் எடுப்பவர் ப்ராக் ஃபோல்டரை விலக்காவிட்டால் அங்கே கேகோர் என்ற ஃபைல் காத்திருக்கும். 64 பிட் லினக்ஸில் அது 128 டிபி என்று தன் அளவைக் காட்டும். டிஸ்க்கில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. நினைவகத்தின் முகவரிப் பரப்பை ஃபைல்போலக் காட்டும் ஏற்பாடு அது.

திரும்ப வரும் பகுதிகளை ஒருமுறை மட்டும் சேமிக்கும் போர்க், ரெஸ்டிக் போன்ற கருவிகள் இடத்தைப் பெரிதும் மிச்சப்படுத்துகின்றன. தினமும் முழு பேக்கப் எடுத்தாலும் மாறிய பகுதிகள் மட்டுமே டிஸ்க்கில் ஏறும். ஆனால் டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பிவிட்டால் சிக்கல் முன்னதைவிட மோசம். பழையதை நீக்குவதற்கே இவற்றுக்குக் கொஞ்சம் காலி இடம் வேண்டும், ஏனென்றால் நீக்கியதைப் பற்றிய புதிய குறிப்பை முதலில் எழுதியாக வேண்டும். அதனால்தான் அவசரத்துக்கென்று ஒரு பகுதியை முன்பே ஒதுக்கி வைக்கும் வசதி போர்க்கில் இருக்கிறது. பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துக்கும் இதே குணம் உண்டு.

பேக்கப் எடுக்காததால் நிரம்பும் டிஸ்க்

டேட்டாபேஸ் சர்வர்களில் காரணமும் விளைவும் இடம் மாறும். ஃபுல் ரெக்கவரி முறையில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வரில், தினமும் முழு பேக்கப் எடுத்தாலும் டிரான்சாக்‌ஷன் லாக் குறையாது. லாக் பேக்கப் தனியாக எடுத்தால்தான் அதிலுள்ள இடம் மறுபயன்பாட்டுக்கு விடுபடும். அதை எடுக்காத இடங்களில் 20 ஜிபி டேட்டாபேஸுக்கு 200 ஜிபி லாக் என்று வளர்ந்து, ஒருநாள் 9002 என்ற பிழையோடு எழுதுவதே நின்றுவிடும். போஸ்ட்கிரெஸில் லாக்குகளைப் பேக்கப் டிஸ்க்குக்கு அனுப்பும் கட்டளை தோற்றுக்கொண்டே இருந்தால், அனுப்பப்படாதவை சர்வரிலேயே குவியும். சர்வரின் டிஸ்க் நிரம்பியதும் டேட்டாபேஸ் தானே நின்றுவிடும். அதாவது பேக்கப் டிஸ்க்கில் இடமில்லாதது, கண்டுகொள்ளாமல் விட்டால், மூல சர்வரையே முடக்கும். அப்போது இடம் தேடி அந்த லாக்குகளைக் கையால் அழிப்பவர் டேட்டாபேஸையே அழிக்கிறார். சாதாரண லாக் என்று நினைத்துப் பலர் அழித்ததால், 2017இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பில் அவை இருக்கும் ஃபோல்டரின் பெயரையே மாற்றினார்கள்.

அழித்ததால் வந்த இழப்பு, எடுக்காததால் வந்த இழப்பு

இடத்துக்காக அழிப்பது எவ்வளவு அபாயம் என்பதற்கு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் சாட்சி. அங்கே சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் புரோகிராமில், 10 நாளைக்கு முந்தைய லாக்குகளை நீக்கும் பகுதி ஒன்று இருந்தது. 2021 டிசம்பரில், சிஸ்டத்தை வழங்கிய எச்பிஈ நிறுவனத்தார் அந்த ஸ்கிரிப்டைத் திருத்தி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பிரதியை அதன் மேல் வைத்தார்கள். பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துக்கொண்டு ஓடத் தொடங்குவதில்லை. படித்துப் படித்தே முன்னேறும். நடுவில் ஃபைல் மாறியதால், எந்த ஃபோல்டர் என்று சொல்ல வேண்டிய மாறி மதிப்பில்லாமல் போனது. லாக்குகளைத் தேட வேண்டிய கட்டளை ஆய்வுத் தரவுகளின் மேல் பாய்ந்தது. சுமார் 3.4 கோடி ஃபைல்கள், 77 டிபி போயிற்று. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை.

2023 ஆகஸ்டில் டொயோட்டா ஜப்பானில் உள்ள தன் 14 ஆலைகளையும் நிறுத்த நேர்ந்தது. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் பராமரிப்புப் பணி நடந்தபோது, டேட்டாபேஸில் சேர்ந்ததை நீக்கி ஒழுங்குபடுத்துகையில் டிஸ்க் இடம் போதாமல் போயிற்று. மாற்று சர்வருக்குத் தாவலாம் என்றால், அதுவும் அதே சிஸ்டத்தில் இருந்ததால் அங்கேயும் அதே கோளாறு. கொள்ளளவு கூடிய சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகே ஆலைகள் இயங்கின. காப்பும் மூலமும் ஒரே இடப் பற்றாக்குறையைப் பகிர்ந்துகொண்டால் காப்பு இருந்தும் இல்லாததே.

தென்கொரியாவில் நடந்தது மறுகோடி. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரின் தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ பிடித்து 96 சிஸ்டங்கள் எரிந்தன. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவும் அவற்றில் ஒன்று. அதில் இருந்தது 858 டிபி. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பேக்கப் எடுக்கும் ஏற்பாடே அதற்கு இருக்கவில்லை.

எந்த வரிசையில் பார்ப்பது?

இவற்றிலிருந்து பெறக்கூடிய நடைமுறை எளியது. பிழை வந்ததும் செய்தியை முழுதாகப் படித்து, எந்தப் பார்ட்டிஷன், எந்தக் கட்டத்தில் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போதே விழுந்தால் மூலத்தைப் பார்க்க வேண்டும். சுருக்கும்போது விழுந்தால் தற்காலிக ஃபோல்டரை. எழுதும்போது விழுந்தால் முதலில் மவுண்டை, பிறகு பைட், ஐநோட், கோட்டா, ஃபைல் வரம்பு என்ற வரிசையில். நான்காவது வாரமோ மாதக் கடைசியோ என்று முறைவைத்து விழுந்தால், எத்தனை பிரதி வைத்திருக்கிறோம் என்ற கணக்கில் தவறு. எதையாவது அழித்தே ஆக வேண்டும் என்றால், மென்பொருளின் சொந்தக் கட்டளை மூலமே அழிக்க வேண்டும். அதற்கு முன் வேறிடத்தில் இருக்கும் ஒரு பிரதியை மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

தோல்வியைச் சொல்லும் செய்தி உரியவரை அடைகிறதா என்பதும் இதோடு சேர்ந்தது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோது, அதன் தினசரி டம்ப் தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களை மெயில் சர்வர் நிராகரித்திருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது.

இந்திய நிறுவனங்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமாகவும் இனி இல்லை. கணக்குப் புத்தகங்களை மின்வடிவில் வைத்திருக்கும் கம்பெனிகள் அவற்றின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. இடம் போதவில்லை என்று லாக்கை அழிப்பதும், ஒருநாள் பேக்கப்பைத் தவறவிடுவதும் சட்டச் சிக்கலாகவும் முடியலாம்.

எதை, எத்தனை பிரதி, எத்தனை நாள் வைத்திருப்பது என்று எழுத்தில் முடிவு செய்யாத நிறுவனத்தில் எந்த டிஸ்க்கும் ஒருநாள் நிரம்பத்தான் செய்யும். அந்த முடிவை எடுத்துவிட்டு, வைத்திருக்கப்போகும் எண்ணிக்கைக்கு மேல் ஒரு பிரதிக்கு இடம் விட்டு, மாதம் ஒருமுறை மீட்டுப் பார்க்கிறவர் புதிய டிஸ்க் வாங்கினால் அது தேவையான செலவு. மற்றவர்கள் வாங்கும் டிஸ்க், அடுத்த பிழையைச் சில மாதங்கள் தள்ளிப்போடும், அவ்வளவே.